நாலாயிரம் டாலர் விருந்தும் நாக்கின் சாட்சியும்

1975-இல் நியூயார்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று நிதி திரட்டுவதற்காக ஏலம் நடத்தியது. ஏலத்துக்கு வந்தவற்றில் ஒன்று, இருவருக்கான விருந்து. உலகின் எந்த ஊரிலும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையை ஏற்கும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம். செலவுக்கு வரம்பு கிடையாது. பில்லை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கட்டிவிடும். ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் உணவுப் பகுதி ஆசிரியர் கிரெய்க் கிளெய்போர்ன் 300 டாலருக்கு அதை எடுத்தார். சமையற்கலைஞரும் நண்பருமான பியேர் ஃப்ரானேயைக் கூட்டிக்கொண்டு பாரிஸில் ‘ஷே தெனி’ என்ற உணவகத்துக்குப் போனார். 31 பதார்த்தங்கள், 9 ஒயின்கள், 4,000 டாலர் பில். அன்றைய நாணய மதிப்பில் 30,000 ரூபாய்க்கு மேல். அவர் எழுதிய கட்டுரை நவம்பர் 14 அன்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது.

கண்டனக் கடிதங்கள் குவிந்தன. வாட்டிகனின் நாளேடும் கண்டித்தது. அதே பத்திரிகையில் பத்தி எழுதிவந்த ரஸ்ஸல் பேக்கர், வீட்டில் தனியாக உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிட்ட கதையைக் கிளெய்போர்னின் மொழிநடையிலேயே எழுதி மானத்தை வாங்கினார். எல்லோரும் செலவின் அறத்தைப் பேசினார்கள். உணவுத் திறனாய்வாக அந்தக் கட்டுரை தேறுமா என்று பார்த்தவர்கள் குறைவு. பாதி தேறும் என்பது என் கணிப்பு. பரிமாறப்பட்ட வரிசையைக் கிளெய்போர்ன் ஒளிக்காமல் தந்தார். தட்டுகளின் தோற்றம் சாதாரணம் என்றார். சில பதார்த்தங்கள் எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. பில்லின் கனம் அவருடைய நாக்கை அழுத்தவில்லை. அது சிறிய தகுதி அல்ல. குறை, அவர் வைத்த சட்டகத்தில் இருக்கிறது. விலையை முன்னால் நிறுத்தி எழுதப்பட்ட கட்டுரை விலையால் மட்டுமே நினைவுகூரப்படுகிறது. அரை நூற்றாண்டு கழிந்து அந்த விருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 31 பதார்த்தங்களில் ஒன்றின் பெயரையும் சொல்வதில்லை. தொகையைச் சொல்கிறார்கள்.

மிக விலையுயர்ந்த உணவகங்களில் உண்ட மறக்க முடியாத அனுபவங்கள் என்று ஒரு எழுத்து வகையே உருவாகிவிட்டது. அந்த வகையையும் அது கொண்டாடும் விருந்துகளையும் சேர்த்தே இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. இந்த விருந்துகளில் பலவற்றை இனி யாரும் உண்ண முடியாது. உணவகங்கள் மூடிவிட்டன, மெனுக்கள் மாறிவிட்டன. எஞ்சியிருப்பவை சாட்சியங்கள். ஆகவே சாட்சியங்களைக் குறுக்கு விசாரணை செய்வதே இங்கே சாத்தியமான முறை. கேட்க வேண்டிய கேள்வி எளிது. விலையையும் சமையற்காரர் பெயரையும் அழித்துவிட்டால், எழுதியவருக்கு அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல ஏதாவது மிஞ்சுகிறதா?

மிஞ்சாது என்று ஐயப்படுவதற்கு ஆய்வுக்கூடத்தில் முகாந்திரம் உண்டு. 2008-இல் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தையும் ஸ்டான்ஃபோர்டையும் சேர்ந்தவர்கள் ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது குடித்தவர்கள் அதிகம் ரசித்தார்கள். மூளை ஸ்கேனிலும் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை உண்மையிலேயே இனித்தது. ஆனால் இந்தச் சோதனையைச் சிலர் இழுக்கிற தூரத்துக்கு இழுக்கக் கூடாது. ஸ்கேனருக்குள் படுத்துக்கொண்டு குழாய் வழியாகச் சில மில்லி உறிஞ்சுவது வேறு, நான்கு மணிநேரம் மேசையில் உட்கார்ந்து உண்பது வேறு. விலை சாட்சியைக் கலைக்கிறது என்பது நிரூபணமாகிறது. சாட்சியே இல்லை என்பது நிரூபணமாகவில்லை.

இரண்டாவது ஐயம் இதைவிடக் கூர்மையானது. அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை நினைவு ஏறக்குறைய பொருட்படுத்துவதில்லை; உச்சத்தையும் முடிவையும் வைத்தே தீர்ப்பு எழுதுகிறது என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டினார். விலையுயர்ந்த உணவகங்கள் இதை அவர் சொல்வதற்கு முன்பே அறிந்திருந்தன என்று நினைக்கிறேன். கிளம்பும்போது கையில் கொடுக்கிற சாக்லேட் பெட்டியையும், சமையற்காரர் கையெழுத்திட்ட மெனு அட்டையையும் வேறெப்படி விளக்குவது? பதினாறாவது கோர்ஸ் தொய்ந்துபோனது பெட்டி கைக்கு வந்ததும் மறந்துபோகிறது.

யாருக்குப் பரிமாறுகிறார்கள் என்பதும் சாட்சியத்தைக் கலைக்கும். இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ரூத் ரைக்கல். 1993-இல் நியூயார்க்கின் ‘ல சிர்க்’ உணவகத்துக்கு, விக் வைத்து, எவரும் திரும்பிப் பார்க்காத நடுத்தர வயதுப் பெண்ணாகவும் போனார். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகராக அடையாளம் தெரியும்படியும் போனார். முன்னவருக்குக் காத்திருப்பும் அலட்சியமும். பின்னவருக்கு உடனே மேசை, பழங்கள்கூடப் பெரிதாக. இரண்டையும் அருகருகே வைத்து எழுதி, நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார். முறை என்ற அளவில் இந்த எழுத்து வகையின் ஆகச் சிறந்த சாதனை இதுதான். கிளெய்போர்னின் நேர்மை அவருடைய குணத்தைச் சார்ந்தது. ரைக்கலின் நேர்மை முறையிலேயே கட்டப்பட்டது. பிறர் எடுத்துச் செய்து பார்க்கலாம். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையிலும் மனதில் தங்குவது உபசரிப்பின் ஏற்றத்தாழ்வுதான், சமையல் பின்தள்ளப்படுகிறது.

இனித் தட்டுக்கு வரலாம்.

ஸ்பெயினின் கத்தலோனியாவில் ரோசஸ் ஊருக்கு அருகே, கடலோர வளைவொன்றில் இருந்தது ‘எல்புல்லி’. அதன் சமையற்காரர் ஃபெரான் அட்ரியா ஆண்டில் பாதி நாட்கள் உணவகத்தை மூடிவிட்டுப் பரிசோதனையில் இறங்குவார். ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 8,000 இருக்கைகள். கேட்டு வந்த கோரிக்கைகளோ இருபது லட்சம் என்று சொல்லப்பட்டது. 2011 ஜூலையில் மூடும்வரை உருவாக்கிய 1,846 பதார்த்தங்களையும் எண்ணிட்டு ஆவணப்படுத்தினார்கள். அந்த இடத்தில் இப்போது இருக்கும் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே அந்த எண் இருக்கிறது. இந்த ஆவண ஒழுக்கம் சமையலில் அதற்கு முன் அரிது. அதோடு, கேட்ட விலை கொடுக்க உலகமே வரிசையில் நின்றபோதும் விலையை வானத்துக்கு ஏற்றவில்லை. விலையால் மட்டும் நினைவில் நிற்கும் விருந்துகளின் பட்டியலில் எல்புல்லியைச் சேர்ப்பது அநியாயம்.

அதன் ‘உருண்டை ஆலிவ்’ ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். பச்சை ஆலிவ்களை அரைத்துப் பிழிந்த சாற்றில் கால்சியம் உப்பைக் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் கரைசலில் கரண்டி கரண்டியாக விடுகிறார்கள். வெளிப்பக்கம் மெல்லிய தோலாகக் கட்டிக்கொள்கிறது. உள்ளே சாறு சாறாகவே இருக்கிறது. பிறகு மணமூட்டிய எண்ணெயில் ஊறவைத்துக் கண்ணாடி ஜாடியில் கொண்டுவருகிறார்கள். பார்வைக்கு அசல் ஆலிவ். வாயில் வைத்து நாக்கை அண்ணத்தில் அழுத்தியதும் தோல் உடைந்து சாறு பரவுகிறது. கொட்டை இல்லை, நார் இல்லை, மெல்லுவதற்கு ஒன்றும் இல்லை. எழுதிய பலரும் ஒரே குறிப்பைத் தருகிறார்கள்: ஆலிவைவிட அதிகமாக ஆலிவ். இங்கே உத்தி சுவைக்குப் பணிந்து நிற்கிறது. ஏமாற்று வேடிக்கையாகத் தொடங்கியது சுவையை அடர்த்தியாக்குவதில் முடிகிறது. விலையையும் பெயரையும் அழித்துவிட்டாலும் இந்த வர்ணனை நிற்கும். இது தேறுகிறது, முழு மதிப்பெண்ணோடு.

தேறாதது அதன் வழித்தோன்றல். அட்ரியா 1990-களில் கண்டெடுத்த நுரை, அவருக்கு மூலப்பொருளின் மணத்தைக் கனமில்லாமல் தரும் வழி. அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் தட்டுகளின் ஓரத்தில் எச்சில்போலக் கிடந்த நுரைக்கு அந்தக் காரணமும் இல்லை. இத்தாலியில் லெச்சே நகரத்து உணவகம் ஒன்றில் 27 கோர்ஸ் விருந்து உண்ட அமெரிக்க எழுத்தாளர் ஜெரல்டின் டெருய்ட்டர் 2021-இல் எழுதியது இந்த வீழ்ச்சியின் ஆவணம். சமையற்காரரின் வாயை அச்செடுத்த பிளாஸ்டர் வார்ப்பில் எலுமிச்சை வகை நுரையை ஊற்றி, அதிலிருந்து வாயாலேயே நக்கச் சொன்னார்கள். அந்த உணவகத்துக்கு மிஷ்லின் நட்சத்திரம் வேறு. மறக்க முடியாத அனுபவம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நினைவில் நிற்பதையே தகுதியாக எடுத்துக்கொண்டால், ஆலிவுக்கு அளித்த மதிப்பெண்ணை இதற்கும் அளிக்க வேண்டிவரும்.

இங்கிலாந்தின் பிரே கிராமத்தில் ஹெஸ்டன் ப்ளூமென்தாலின் ‘ஃபேட் டக்’ உணவகத்தில் ‘கடலின் ஓசை’ என்று ஒரு பதார்த்தம். சங்கு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்; உள்ளே ஐபாட், வெளியே தொங்கும் இயர்போன். காதில் மாட்டினால் அலைகளும் கடற்பறவைகளும். கண்ணாடிப் பலகைமேல் கடற்கரை: மணல்போல ஒரு பொடி, அதன்மேல் சிப்பி வகைகள், கடற்பாசி, ஓரத்தில் அலை ஒதுக்கிய நுரை. இந்த நுரைக்குக் காரணம் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மணலில் மரவள்ளி மாவுச்சத்தும் வறுத்த ரொட்டித் தூளும் கலந்திருக்கும். சாப்பிடும்போது சிலர் அழுதார்கள் என்று ப்ளூமென்தாலே சொல்லியிருக்கிறார். அவரோடு இணைந்து வேலை செய்த ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் நடத்திய சோதனையின் முடிவு இந்தப் பதார்த்தத்தைத் துல்லியமாக மதிப்பிட உதவுகிறது. கடல் ஓசையோடு சிப்பி தின்றவர்கள், பண்ணை விலங்குகளின் சத்தத்தோடு தின்றவர்களைவிட அதிகம் ரசித்தார்கள். ஆனால் உப்பு கூடுதலாகத் தெரிந்தது என்று சொல்லவில்லை. ஓசை, சுவைத்தவரின் மனநிலையை மாற்றியது, சுவையை மாற்றவில்லை. ஆகவே கடலின் ஓசையை அபாரமான நிகழ்த்துகலை என்றும், நல்ல ஆனால் அபாரமற்ற பதார்த்தம் என்றும் ஒரே மூச்சில் சொல்லலாம், முரண்பாடு இல்லை.

அதே மரவள்ளி கலிஃபோர்னியாவில் வேறு வேலை செய்கிறது. யூன்ட்வில் ஊரில் தாமஸ் கெல்லரின் ‘ஃப்ரெஞ்ச் லாண்ட்ரி’யில், சிப்பியும் முத்தும் என்று பெயரிட்ட ஒரு பதார்த்தம் 1990-களிலிருந்து இன்றுவரை மெனுவில் இருக்கிறது. முத்து என்பது மரவள்ளியிலிருந்து வரும் ஜவ்வரிசி. சேலத்துக்காரர்களுக்கு இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. பாயசத்திலும் வடாமிலும் பார்த்ததுதான். கெல்லர் அதை முட்டை மஞ்சள்கருவை அடித்த சாஸில் இழைத்து, மேலே வெதுவெதுப்பான சிப்பி இரண்டு வைத்து, கேவியர் ஒரு கரண்டி விடுகிறார். கடையில் ஜவ்வரிசிப் பெட்டியைப் பார்த்தபோது முத்து நினைவுக்கு வந்து, முத்திலிருந்து சிப்பிக்குப் போனாராம். தொடக்கம் வெறும் சொல்விளையாட்டு. ஆனால் முடிவு வாய்க்குள் நிகழ்கிறது: பல்லில் வழுக்கும் ஜவ்வரிசி, ‘பட்’டென்று உடையும் கேவியர், இரண்டுக்கும் நடுவே சதைப்பற்றான சிப்பி. மூன்று பொருள்கள், பல்லுக்கு மூன்று விதமான எதிர்ப்பு. ஒருமைப்பாடு என்ற அளவுகோலில் இது கடலின் ஓசையைவிட ஒரு படி மேல். இயர்போன் வேண்டாம், விளக்கம் சொல்ல ஆள் வேண்டாம்.

விளக்கம் என்றதும் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் கிண்ணத்தில் தயிர்சாதம் வந்தது. கொண்டுவந்த இளைஞர் அரிசியின் ஊர், பாலின் பண்ணை, மாதுளை முத்துக்களின் எண்ணிக்கைக்குக் காரணம், செஃபின் பாட்டி என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஒப்பித்து முடிக்குமுன் கடுகு தாளித்த மணம் போய்விட்டிருந்தது. சாதம் நன்றாகவே இருந்தது, இரண்டு வாய்க்கு. மூன்றாவது வாய்க்கு ஆசைப்பட்டுக் கேட்டேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான். அப்படி ஒரு கேள்விக்கு அவருக்குப் பயிற்சி கொடுக்கப்படவில்லை.

இந்த வடிவத்தின் மையமான சிக்கல் அந்தக் குழப்பத்தில் இருக்கிறது. சமையற்காரர் வகுத்த வரிசையில் சிறு சிறு தட்டுகளாக வரும் டேஸ்டிங் மெனுவில் மறுமுறை கேட்க முடியாது. கெல்லர் இதற்கு வலுவான நியாயம் தருகிறார்: முதல் சில வாய்களில்தான் நாக்கு விழித்திருக்கிறது, பிறகு அலுத்துவிடுகிறது, இன்னும் ஒரு வாய் இருந்திருக்கலாமே என்ற ஏக்கத்தோடு தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். உடலியல் அவர் பக்கம். ஒரே சுவையைத் தொடர்ந்து உண்டால் அதன்மேல் மட்டும் விருப்பம் குறையும், வேறு சுவை வந்தால் பசி மீளும் என்பது 1980-களிலிருந்து ஆய்வில் நிலைபெற்ற செய்தி. ஆனால் கெல்லர் சொல்லாமல் விட்டது ஒன்று. ஏக்கத்தை நிறைவேற்றாமல் விட்டால், அந்தப் பதார்த்தம் மூன்றாவது வாயைத் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. ‘இன்னும் கொஞ்சம் போடுங்க’ என்பதுதான் உண்பவர் தரக்கூடிய மிக நேரான தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு வழியை அடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து தீர்ப்பு எழுதச் சொல்கிறது இந்த வடிவம். நினைவோ, விலையாலும் உபசரிப்பாலும் கடைசியில் கொடுத்த பெட்டியாலும் கலைக்கப்பட்ட சாட்சி.

வரலாற்றை நினைவில் வைத்தால் இந்த வடிவம் எப்படி இங்கே வந்து முட்டியது என்று புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் பிரெஞ்சு மேல்தட்டு விருந்திலும் பதார்த்தங்கள் மேசை நிறையக் கூட்டமாகவே வைக்கப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரும் ரஷ்ய முறை பிறகு வென்றது. 1970-களின் நூவெல் குசீன், தட்டை அடுக்களையிலேயே அலங்கரித்து அனுப்பும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. டேஸ்டிங் மெனு அதன் எல்லை: எதை, எவ்வளவு, எந்த வரிசையில் என்ற மூன்றும் சமையற்காரர் கையில். வாழை இலை விருந்து இதற்கு நேரெதிர். அங்கே வரிசை உண்டு, ஆனால் எதை எதோடு பிசைவது, எதை ஒதுக்குவது, எதற்கு மறுமுறை கை காட்டுவது என்பதெல்லாம் உண்பவர் இஷ்டம். ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்ட வடிவம், முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே வாதம். இருபது கோர்ஸுக்கும் ஒரு கட்டுக்கோப்பு வேண்டும்.

அது கிடைப்பதில்லை. கட்டுக்கோப்புக்கு உதாரணமாக, கர்நாடக இசையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வழிவந்த கச்சேரிப் பத்ததியை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ணத்தில் சூடு பிடித்து, சின்னக் கீர்த்தனைகளில் வேகம் எடுத்து, ஒரு ராகத்தை விரித்து ஆலாபனை, நிரவல், ஸ்வரம் என்று உச்சத்துக்குப் போய், துக்கடாக்களில் இறங்குவார்கள். கேட்பவருக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரியும். பெரும்பாலான டேஸ்டிங் மெனுக்கள் துக்கடாவில் தொடங்கி, துக்கடாவாகவே நான்கு மணிநேரம் போய், துக்கடாவில் முடிகின்றன. ஒவ்வொன்றும் கைதட்டலுக்கு என்றே அமைக்கப்பட்டது. விரித்துப் பாடப்பட்ட ராகம் ஒன்றும் இல்லை. எல்புல்லிக்கும் இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். முப்பது, நாற்பது சிறு உருப்படிகள் கொண்ட அதன் மாலைகளைப் பற்றி எழுதியவர்கள் தனித்தனியாக நான்கைந்தைப் பிரமாதமாக நினைவுகூர்கிறார்கள். மாலை முழுவதும் எதை நோக்கி நகர்ந்தது என்பதைச் சொல்ல முடிந்தவர் அபூர்வம்.

கட்டுக்கோப்பில் வென்றது, நாடகமே இல்லாத ஒரு கடை. டோக்கியோவின் கின்சா பகுதியில், சுரங்கப்பாதை நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் அடித்தளத்தில், பத்து இருக்கைகள் மட்டும் கொண்ட ஜிரோ ஓனோவின் சுஷி கடை. சுமார் இருபது துண்டுகள். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2011-இல் வந்த ஆவணப்படத்தின்படி விலை 30,000 யென்னில் தொடங்கியது. நிமிடக் கணக்குப் பார்த்தால் உலகின் மிக விலையுயர்ந்த சாப்பாடுகளில் ஒன்று. அந்தப் படத்தில் ஜப்பானிய உணவு விமர்சகர் மசுஹிரோ யமமோட்டோ, அந்த வரிசையை மேலைச் செவ்விசையின் இயக்கங்களோடு ஒப்பிடுவார். ஒப்புமை மிகையல்ல. எப்போதும் கிடைக்கிற டூனா போன்ற மரபான மீன்களை முதலில் வைத்து, அன்றைய சந்தையில் சிறந்திருந்ததை நடுவில் வைத்து, முட்டையில் முடிகிறது. சோறு உடலின் வெப்பத்தில் இருக்க வேண்டும்; துண்டு கைக்கு வந்த உடனே வாய்க்குப் போக வேண்டும். குறையும் அதிலேயே இருக்கிறது. உண்பவர் ரசிப்பதற்கும் பேசுவதற்கும் அங்கே நேரம் ஒதுக்கப்படவில்லை. விருந்து என்பதில் நாம் எதிர்பார்க்கும் கலகலப்பை அது திட்டமிட்டே துறக்கிறது. பொதுமக்கள் நேரடியாக முன்பதிவு செய்ய முடியாது என்ற காரணத்தால் 2019-இல் மிஷ்லின் வழிகாட்டியிலிருந்தும் நீங்கியது. எட்ட முடியாத செம்மை எவ்வளவு தூரம் செம்மை என்பது நியாயமான கேள்வி. இருந்தும், கச்சிதம் என்ற ஒற்றை அளவுகோலில் இதை வெல்ல எதுவும் இல்லை.

காலத்தில் நிலைத்திருப்பது மற்றொரு அளவுகோல். நியூயார்க்கில் கெல்லர் 2004-இல் தொடங்கிய ‘பெர் செ’ நான்கு நட்சத்திரங்களோடு கொடிகட்டிப் பறந்தது. 2016 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பீட் வெல்ஸ் அதை இரண்டாக இறக்கினார். ஒரு காளான் சூப்பின் கலங்கலை, கஞ்சா புகைக்கும் குடுவையின் நீரோடு ஒப்பிட்டார். கெல்லர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், அது அவருக்கு அழகு. வெல்ஸின் வாதம் கனமானது: அன்று 325 டாலர் வாங்கிய கடை, பழைய புகழில் வண்டி ஓட்டியது, அதற்கும் மேல் பல பதார்த்தங்களுக்குக் கூடுதல் கட்டணம் கேட்டது. ஆனால் அந்த வாதத்தை எடுத்துச் சொல்கிறவர் இன்று யார்? எல்லோருக்கும் குடுவை நீர்தான் ஞாபகம். நினைவில் நிற்பதற்காகச் சமைக்கிறவர்களைக் கண்டிக்கும் விமர்சகரும் நினைவில் நிற்பதற்காகவே எழுதினால், இரு தரப்புக்கும் வேறுபாடு தேய்ந்துவிடுகிறது.

விலைக்குள் யாருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை அழகியலுக்கு வெளியே தள்ளுகிறவர்கள் உண்டு. தள்ள முடியாது. கோபன்ஹேகனின் ‘நோமா’, எறும்புகளையும் பாசியையும் தட்டில் வைத்து, நிலத்தோடு பேசும் சமையல் என்று ஒரு தலைமுறையையே மாற்றியது. ஐந்து முறை உலகின் முதல் உணவகம் என்று பட்டியலில் ஏறியது. அதன் நுணுக்கமான கைவேலையில் பெரும்பகுதியைச் சம்பளமில்லாத பயிற்சியாளர்கள் செய்தார்கள். 2022 அக்டோபரில் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில், இந்த வகை உணவகத்தை இப்படியே நடத்துவது கட்டுப்படியாகாது என்று அதன் தலைமைச் சமையற்காரர் ரெனே ரெட்செபி அறிவித்தார். அவ்வளவு விலையும் அசல் விலை அல்ல என்றாகிறது. முறையின் ஒழுங்கைப் பற்றிப் பேசுகிற திறனாய்வு இதைக் குறையாகப் பதிவுசெய்துதான் ஆக வேண்டும்.

நம் சமையல் இந்த வடிவத்துக்குள் அண்மையில்தான் நுழைந்தது. சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் 2017-இல் தொடங்கிய ‘அவர்த்தனா’ தென்னிந்தியச் சமையலை டேஸ்டிங் மெனுவாக வைத்தது; ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலிலும் இடம்பிடித்தது. பெயர்பெற்ற அதன் தக்காளி ரசம், தெளிந்த சாறாக, மூலிகைகளோடு கண்ணாடிக் குடுவையில் ஊறி, தண்டுக் கோப்பையில் ஊற்றப்படுகிறது. கேலி செய்வது எளிது, செய்தவர்களும் உண்டு. ஆனால் கண்ணாடிக்குக் காரணம் இருக்கிறது. ரசத்தின் உயிர் மணத்தில். கோப்பை அதை மூக்குக்கு நேராக நிறுத்துகிறது. தெளிவைக் கண்ணும் பார்க்கிறது. ரசத்தை ரசமாகவே கூர்மையாக்கும் உத்தி என்பதால் இது அட்ரியாவின் ஆலிவோடு சேர்த்து எண்ணத் தகுந்தது. பறிபோனது சோறு. சோற்றில் ஊறி, விரல்வழி கலங்கி, இரண்டாம் கரண்டிக்குக் கை நீளவைக்கும் ரசத்துக்கு அந்தக் கோப்பையில் இடமில்லை. சாதனை உண்மை, இழப்பும் உண்மை; சாதனை சற்று மேலோங்குகிறது.

நியூயார்க்கின் ‘செம்மா’ வேறு வழியில் போகிறது. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்திலிருந்து போன விஜய் குமார் நடத்தும் அடுக்களை. 2022-இல் மிஷ்லின் நட்சத்திரம், 2025-இல் ஜேம்ஸ் பியர்ட் விருது. கிளெய்போர்ன் விருந்தின் பில்லுக்குப் பக்கத்தில் வைத்தால் விலையுயர்ந்த கடை என்றே சொல்ல முடியாது, என்றாலும் நத்தம் ஊர் வருமானத்துக்கு எட்டாத மேசை. அங்கே நத்தைப் பிரட்டல் உண்டு: நத்தை, இஞ்சி, புளி, பக்கத்தில் கல் தோசை. வயலில் பொறுக்கி வந்து ஏழை வீடுகளில் சமைத்தது, பள்ளிக்கூடத்தில் வெளியே சொல்லக் கூச்சப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அதே பிராணியை வெண்ணெயும் பூண்டும் சேர்த்துச் சீமான்களுக்குப் பரிமாறுகிறார்கள் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரியவந்தது. இந்தக் கதை உருக்கமானது, பத்திரிகைகளுக்குத் தீனியாவது. ஆனால் நம் முறைப்படி கதையையும் பெயரையும் விலையையும் அழித்துவிட்டுப் பார்த்தால், நத்தையின் மண்வாடையைப் புளி வெட்டுகிறது, இஞ்சி உறைப்பைத் தூக்குகிறது, மசாலாவை வழித்துச் சாப்பிடத் தோசை இருக்கிறது. சமையல் தர்க்கம் முழுமையாக நிற்கிறது. டேஸ்டிங் மெனுவின் கட்டாயமும் இல்லை. பிடித்திருந்தால் இன்னொரு தட்டு சொல்லலாம். பிடிக்காவிட்டால் பாதியில் தள்ளிவைத்துவிட்டு வேறு கேட்கலாம். இந்தக் கட்டுரையில் வந்த மேசைகளில், உண்பவரின் தீர்ப்பை அந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளத் தயாராக இருப்பது அது ஒன்றுதான்.